எந்தப் பம்ப்புக்குப் பயப்பட வேண்டும்?

புதுச்சேரியிலிருந்து கடலூர் சாலையில் தெற்கே வந்து ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் அரியாங்குப்பம். கிழக்கே வீராம்பட்டினம், அதற்கப்பால் கடல். ஆற்றங்கரை மேட்டில், ஒரு காலத்தில் ரோமானியச் சரக்கு வந்திறங்கிய அரிக்கமேடு. இந்த ஊர்க் காற்றில் ஈரம் குறைகிற நாள் அபூர்வம். கொடியில் காய்ந்த துணியை மடிக்கும்போதும் கைக்குச் சில்லென்றிருக்கும். நமக்குப் புழுக்கமாகப்படுகிற இந்த ஈரம்தான் தூசு உண்ணி என்ற சிற்றுயிருக்கு வாழ்வு. கண்ணுக்குத் தெரியாத உடம்பு, எட்டுக் கால். பழைய இலவம்பஞ்சுத் தலையணையிலும் மெத்தையிலும் குடியிருந்து, நம் தோலிலிருந்து உதிரும் செதிலைத் தின்று பெருகுகிறது. தண்ணீர் குடிப்பதில்லை, காற்றின் ஈரத்தையே உடம்பால் உறிஞ்சிக்கொள்கிறது. அதன் கழிவு மூச்சோடு உள்ளே போனால், ஒவ்வாமை உள்ளவருக்கு மூச்சுக்குழலின் உட்சுவர் வீங்கும், சளி கோத்துக்கொள்ளும், குழலைச் சுற்றியிருக்கும் தசை இறுகும். "படுத்தா இழுக்குது, எழுந்து உக்காந்தா தேவலை" என்று சொல்கிற சிலருக்கு நோயைக் கிளறுவது தலைக்குக் கீழேயே இருக்கிறது.

இதுதான் ஆஸ்துமா, ஊரில் வீசிங் என்பார்கள். இதற்கான மருந்துகளைப் பற்றி வீடுகளில் புழங்கும் நம்பிக்கைகளைக் கவனித்துக் கேளுங்கள். மாத்திரை சாது. ஊசி போட்டால் உடனே நிற்கும், அதுவும் நல்லது. மாஸ்க் மாட்டி 'கேஸ் வைப்பது' பெரிய வைத்தியம். பம்ப்பு எனப்படும் இன்ஹேலர் மட்டும் கடைசிக் கட்டம். ஒருமுறை தொட்டால் பழகிவிடும், விட முடியாது, பெண்ணுக்கு வரன் அமையாது. அந்தப் பம்ப்பிலும் இரண்டு சாதி. அடித்த சில நிமிடத்தில் மூச்சைத் திறந்துவிடும் நீலப் பம்ப்பு உயிர்காக்கும் தெய்வம். அடித்தாலும் ஒன்றும் தெரியாத மற்றது ஸ்டீராய்டு. அதன் பெயரைக் கேட்டாலே முகம் மாறும்.

இந்தப் பயம் இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது. மாத்திரைக்கும் ஊசிக்கும் தர வேண்டிய எச்சரிக்கையை நாம் தருவதில்லை. தெய்வமாகக் கும்பிடும் நீலப் பம்ப்பின் குடும்பத்துக்கு ஒரு கொடிய சாவு வரலாறு உண்டு. எல்லோரும் ஒதுக்கும் ஸ்டீராய்டுப் பம்ப்புதான் ஆஸ்துமாச் சாவுகளைக் குறைத்த மருந்து. ஏன் இப்படி என்பது புரிய வேண்டுமானால், மருந்தை மூச்சு வழியாக எடுக்கும் வழக்கம் எங்கிருந்து கிளம்பியது என்று பார்க்க வேண்டும். அது கிளம்பிய இடங்களில் ஒன்று இங்கிருந்து தொலைவில் இல்லை.

1802. சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை மருத்துவராக இருந்தவர் ஜேம்ஸ் ஆண்டர்சன். சாயப்பூச்சி வளர்ப்பதற்காகச் சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டம் போட்டவரும் இவர்தான். இழுப்பு வந்தால் ஊமத்தையை உலர்த்திக் குழாயில் வைத்துப் புகைக்கும் வழக்கம் இங்கே இருப்பதை அறிந்து, ஜெனரல் ஜென்ட் என்ற படை அதிகாரிக்கு அதைச் சொன்னார். ஜென்ட் ஊமத்தையை இங்கிலாந்துக்குக் கொண்டுபோய் சிம்ஸ் என்ற மருத்துவரிடம் கொடுத்தார். 1812இல் எடின்பரோ மருத்துவ இதழில் அந்தச் செய்தி அச்சேறிவிட்டது. அடுத்த நூறு ஆண்டுக்கு ஐரோப்பாவின் ஆஸ்துமாக்காரர்கள் ஊமத்தைச் சாதிச் செடிகளைப் புகைத்துத் தள்ளினார்கள். பாரிஸில் தானே ஆஸ்துமாவால் அவதிப்பட்ட மருத்துவர் துரூஸோ அதைப் பரிந்துரைத்தார். எஸ்பிக் என்ற பெயரில் ஆஸ்துமா சிகரெட் பெட்டி பெட்டியாக விற்றது. நாவலாசிரியர் மார்செல் புரூஸ்த் அதன் வாடிக்கையாளர். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் 1823இல் மருத்துவப் பள்ளி தொடங்கிய காலத்தில் (இன்றைய ஜிப்மர் அதன் வழிவந்தது) ஆஸ்துமாவுக்கு ஐரோப்பிய மருத்துவர்களிடம் இருந்த புது மருந்துகளில் ஒன்று, சென்னையிலிருந்து போன இந்தப் புகை.

ஊமத்தைப் புகை வெறும் நம்பிக்கை இல்லை, அது உண்மையிலேயே வேலை செய்தது. மூச்சுக்குழலைச் சுற்றியுள்ள தசையை இறுகச் சொல்லி வேகஸ் என்ற நரம்பு கட்டளை அனுப்புகிறது. அந்தக் கட்டளையைக் கொண்டுபோவது அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள். ஊமத்தையில் இருக்கும் அட்ரோபினும் அதன் உறவான ஸ்கோபலமினும் அந்தக் கட்டளை போய்ச் சேரும் இடத்தில் குந்திக்கொள்கின்றன. தசை தளர்கிறது, குழல் விரிகிறது. ஆனால் அசிட்டைல்கோலின் மூச்சுக்குழலுக்கு மட்டும் சேவகம் செய்வதில்லை. உமிழ்நீர், கண்மணி, இதயம், சிறுநீர்ப்பை, மூளை எல்லாவற்றுக்கும் அதுதான் தூதன். ஊமத்தை அத்தனை இடத்திலும் குறுக்கே நிற்கும். வாய் உலர்ந்து நாக்கு மேலண்ணத்தில் ஒட்டும், கண் கூசும், நெஞ்சு படபடக்கும், சிறுநீர் இறங்காது. கொஞ்சம் கூடினால் புத்தி பேதலிக்கும், இல்லாத உருவம் தெரியும். அமெரிக்காவில் 1960களில் இளைஞர்கள் ஆஸ்துமாப் பொடியைப் போதைக்காகவே வாங்கித் தின்ன ஆரம்பித்தார்கள். ஒரு செடிக்கும் இன்னொரு செடிக்கும், வேருக்கும் விதைக்கும் வீரியம் வேறு வேறு. எவ்வளவு உள்ளே போகிறது என்று யாராலும் சொல்ல முடியாது. ஊமத்தை விஷம் இன்றும் ஆளைக் கொல்லும். பாழ்நிலத்தில் பூத்து நிற்கும் அந்தச் செடியை யாரும் இதைப் படித்துவிட்டுப் பறித்துவர வேண்டாம்.

வேதியியலாளர்கள் அட்ரோபினைக் கையில் எடுத்துச் செய்த ஒரு சிறு திருத்தம் எனக்கு எப்போதும் வியப்பூட்டுவது. மூலக்கூற்றில் இருக்கும் நைட்ரஜன் அணுவோடு இன்னொரு கிளையைச் சேர்த்தார்கள். அதனால் அந்த மூலக்கூறு நிரந்தரமாக மின்னூட்டம் பெற்றுவிடுகிறது. மின்னூட்டம் உள்ள பொருளால் கொழுப்பாலான சவ்வுகளை எளிதில் கடக்க முடியாது. ஆகவே அது மூளைக்குள் நுழைவதில்லை, விழுங்கினாலும் குடலிலிருந்து ரத்தத்தில் அவ்வளவாக ஏறுவதில்லை. மூச்சுக்குழலில் விழுந்தால் அங்கேயே கிடந்து வேலை பார்க்கிறது. 1970களில் வந்த இப்ராட்ரோப்பியம் இப்படிப் பிறந்தது. 24 மணி நேரம் நிற்கும் டையோட்ரோப்பியம் 2002இல் வந்தது. புத்தி பேதலிக்க வைத்த செடியின் வாரிசிடம் மிஞ்சியிருக்கும் முக்கியத் தொல்லை வாய் உலர்தல். அதோடு இரண்டு எச்சரிக்கை: புராஸ்டேட் வீக்கம் உள்ள பெரியவர்களுக்குச் சிறுநீர் அடைக்கலாம், குறுகிய கோணக் கண் அழுத்த நோய் உள்ளவர்களுக்கு மருந்து கண்ணில் படக்கூடாது.

கண்ணில் எப்படிப் படும் என்று கேட்கலாம். 'கேஸ்' வைக்கும்போது முகத்தில் சரியாகப் பொருந்தாத மாஸ்க்கை நினைத்துப் பாருங்கள். மூக்குத்தண்டின் ஒரு பக்க இடைவெளியில் வெண்ணிற மூட்டம் மேலே கசிந்து ஒரு கண்ணில் படுகிறது. நம் ஊர் நெபுலைசர் மருந்துகளில் லெவோசால்பியூட்டமாலோடு இப்ராட்ரோப்பியம் கலந்து வருவது சாதாரணம். அரை மணி கழித்துப் பார்த்தால் நோயாளிக்கு ஒரு கண்மணி மட்டும் அகலமாக விரிந்திருக்கும். மூளையில் ஏதோ ஆகிவிட்டது என்று பதறி ஸ்கேன் எடுக்க அனுப்பிய நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. ஊமத்தையின் பழைய குணம் ஒரு சொட்டு இன்னும் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இந்தக் கதையிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய விதி எளியது. ஒரு மருந்தின் பக்கவிளைவைத் தீர்மானிப்பவை அது எங்கே விழுகிறது, எவ்வளவு விழுகிறது, அங்கிருந்து எங்கே கசிகிறது என்ற மூன்றும்தான். இந்த விதியைக் கையில் வைத்துக்கொண்டு நீலப் பம்ப்புக்கு வருவோம்.

அதற்குள் இருப்பது சால்பியூட்டமால். இங்கிலாந்தின் வேர் நகரில் டேவிட் ஜாக் தலைமையிலான குழு உருவாக்கி, 1969இல் விற்பனைக்கு வந்தது. அட்ரினலின் நம் உடம்பில் செய்கிற பல வேலைகளில் மூச்சுக்குழலை விரிக்கும் வேலையை மட்டும் பெரும்பாலும் செய்யுமாறு செதுக்கப்பட்டது. ஒரு அழுத்துக்கு 100 மைக்ரோகிராம். ஐந்து நிமிடத்துக்குள் மூச்சு திறக்கும், நான்கைந்து மணி நேரம் நிற்கும். விரல் நடுங்கும், நெஞ்சு படபடக்கும். அதிகம் போனால் ரத்தத்தில் இருக்கும் பொட்டாசியம் செல்லுக்குள் இறங்கிவிடுவதால் கெண்டைக்கால் பிடித்து இழுக்கும்.

இப்போது கணக்கைப் பாருங்கள். வீட்டில் 'சாது' என்று நம்பப்படும் சால்பியூட்டமால் மாத்திரை 4 மில்லிகிராம். அதாவது 4,000 மைக்ரோகிராம், 40 அழுத்துக்குச் சமம். நுரையீரலுக்கு நேரே போவதற்குப் பதில் வயிறு, கல்லீரல், ரத்தம் என்று உடம்பு முழுக்கச் சுற்றிவிட்டு மிச்சம் மீதி மூச்சுக்குழலுக்கு வருகிறது. பலன் தாமதம், படபடப்பு அதிகம். நெபுலைசரில் ஊற்றுவது வழக்கமாக 2.5 மில்லிகிராம், அதாவது 25 அழுத்தின் அளவு. ஆனால் ஸ்பேசர் என்ற பிளாஸ்டிக் குடுவையைப் பம்ப்பில் பொருத்தி, ஒவ்வொன்றாகச் சில அழுத்து அடித்து மூச்சிழுத்தாலே உயிருக்கு ஆபத்தில்லாத தாக்குதலில் நெபுலைசருக்கு ஈடான பலன் கிடைக்கும் என்றும், குழந்தைகளுக்கு நெஞ்சுப் படபடப்பு அதைவிடக் குறைவு என்றும் ஆய்வுத் தொகுப்புகள் காட்டிவிட்டன. ஊசியாகப் போடப்படும் தியோஃபிலின் வகைக்கு நன்மை தரும் அளவும் நஞ்சாகும் அளவும் பக்கம் பக்கமாக இருக்கின்றன. கொஞ்சம் தாண்டினால் வாந்தி, இன்னும் தாண்டினால் இதயத் துடிப்பு தாறுமாறாகும், வலிப்பு வரும். தூங்கும் முன் குழந்தைக்குக் கொடுக்கும் மாண்டிலூகாஸ்ட் மாத்திரைக்கும், மனநிலையைப் பாதிக்கக்கூடும் என்று 2020 மார்ச்சில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கறுப்புக் கட்ட எச்சரிக்கை போட்டது. சாதுவான மாத்திரை என்று ஒரு வகை கிடையாது.

அப்படியானால் நீலப் பம்ப்பு நல்லதுதானே? தனியாக விட்டால் இல்லை. இங்கேதான் அந்தச் சாவு வரலாறு வருகிறது.

பம்ப்பு என்ற கருவி 1956இல் அமெரிக்காவில் ரைக்கர் நிறுவனத்திலிருந்து வந்தது. நிறுவனத் தலைவர் ஜார்ஜ் மேசனின் 13 வயது மகள் ஆஸ்துமாக்காரி. தலைமுடிக்கு அடிக்கும் ஸ்ப்ரே மாதிரி என் மருந்தும் ஒரு டப்பாவில் வரக்கூடாதா என்று அவள் கேட்டதிலிருந்து பிறந்தது. முதலில் அதில் அடைக்கப்பட்டவை அட்ரினலினும் ஐசோபிரினலினும். 1960களில் சில நாடுகளில் ஐசோபிரினலினைப் பல மடங்கு வீரியத்தில் அடைத்து விற்றார்கள். இங்கிலாந்தில் ஆஸ்துமாச் சாவு திடீரென்று ஏறியது. 10 முதல் 14 வயதுள்ள பிள்ளைகளில் ஏழே ஆண்டுக்குள் ஏறக்குறைய எட்டு மடங்கு. கையில் பம்ப்போடு இறந்து கிடந்தார்கள். 1967, 68இல் எச்சரிக்கையும் கட்டுப்பாடும் வந்தபின் சாவு இறங்கியது. பாடம் அங்கே முடியவில்லை. நியூசிலாந்தில் 1976இல் ஃபெனோட்டெரால் என்ற பம்ப்பு நுழைந்தது, சாவு மறுபடி ஏறியது. அந்த மருந்தின் மேல் விரல் நீட்டிய ஆய்வு 1989இல் லான்செட் இதழில் வந்தது. மருந்தை ஒடுக்கியதும் சாவு சரசரவென்று இறங்கியது.

இந்த மருந்துகளின் நேரடி நச்சு இதயத்தைத் தாக்கியது ஒரு காரணம். இன்னொன்று நுட்பமானது, இன்றைய சால்பியூட்டமாலுக்கும் பொருந்துவது. ஆஸ்துமாவின் மூலம் மூச்சுக்குழல் சுவரின் அழற்சி. நீலப் பம்ப்பு தசையை மட்டும் தளர்த்துகிறது, அழற்சியைத் தொடுவதே இல்லை. மூச்சு திறந்ததும் நோயாளி நிம்மதியாகிறார், சுவர் உள்ளே வீங்கிக்கொண்டே போகிறது, சளி கெட்டிப்பட்டுக் குழலை அடைக்கிறது. தினமும் அடித்தால் ஒன்றிரண்டு வாரத்திலேயே மருந்தை ஏற்கும் வாயில்கள் மந்தமாகி, குழல் முன்னைவிட எளிதில் சுருங்கத் தொடங்குகிறது. பம்ப்பு பழகிவிடும் என்று பாட்டிமார் சொல்வதில் ஒரு பொறி உண்மை இருக்கிறதென்றால், அது அவர்கள் தெய்வமாகக் கருதும் இந்தப் பம்ப்புக்குத்தான் பொருந்தும். ஆஸ்துமா சிகிச்சைக்கு உலக அளவில் வழிகாட்டும் ஜினா அமைப்பு 2019இல் தன் பழைய வழியை மாற்றிக்கொண்டது. பெரியவர்களுக்கும் 12 வயது தாண்டிய பிள்ளைகளுக்கும் சால்பியூட்டமாலை மட்டும் தனியாகத் தரவே வேண்டாம், எவ்வளவு லேசான ஆஸ்துமாவாக இருந்தாலும் மூச்சு வழி ஸ்டீராய்டு கூட இருக்க வேண்டும் என்றது. 200 அழுத்துள்ள பம்ப்பு ஆண்டுக்கு மூன்றோ அதற்கு மேலோ தீர்ந்தால் கடும் தாக்குதலின் அபாயம் கூடும். மாதம் ஒன்று தீர்ந்தால் சாவின் அபாயமே கூடும். அரியாங்குப்பத்து வீட்டு அலமாரியிலோ ஃபிரிட்ஜ் மேலேயோ காலிப் பம்ப்புகள் சேர்ந்திருந்தால், ஒரு தடவை எண்ணிப் பாருங்கள். எந்த ரத்தப் பரிசோதனையும் அவ்வளவு தெளிவாகப் பேசாது.

இனி, எல்லோரும் பயப்படும் ஸ்டீராய்டு.

பயத்துக்கு நியாயமான காரணம் இருந்தது. 1950களில் கார்ட்டிசோன் மாத்திரையாக வந்தபோது சாகக் கிடந்த ஆஸ்துமாக்காரர்கள் எழுந்து நடந்தார்கள். ஆனால் மாதக்கணக்கில் தின்றவர்களுக்கு முகம் உப்பியது, சர்க்கரை ஏறியது, எலும்பு நொறுங்கியது, கண்ணில் புரை விழுந்தது, பிள்ளைகளின் வளர்ச்சி நின்றது. இன்றும், பெயரில்லாத பொட்டலத்தில் வரும் 'இழுப்புப் பொடி'களில் ஸ்டீராய்டு கலந்திருந்து, தின்றவர் முகம் பௌர்ணமியாக வீங்கிய பிறகே தெரியவருவது உண்டு. மூச்சு வழியாக ஹைட்ரோகார்ட்டிசோனைக் கொடுத்துப் பார்த்த முதல் முயற்சிகள் தோற்றன. வழி திறந்தது தோல் மருந்திலிருந்து. தோலில் பூசும் களிம்பில் இருந்த பெக்லோமெத்தசோன், பூசிய இடத்தில் வலுவாக வேலை செய்து உடம்புக்குள் குறைவாகவே பரவும் தன்மை உடையது. அதைப் பம்ப்பில் அடைத்து 1972இல் பயன்படுத்தத் தொடங்கினார்கள். பிறகு பியூடசோனைடு, ஃப்ளூட்டிகசோன்.

பழைய விதியை இதற்கும் போட்டுப் பாருங்கள். சாதாரணப் பம்ப்பில் அடித்த மருந்தில் பத்து முதல் இருபது சதவீதம்தான் நுரையீரல் சேர்கிறது. பெரும்பகுதி தொண்டையில் மோதி, உமிழ்நீரோடு வயிற்றுக்குப் போகிறது. அங்கிருந்து கல்லீரல். பியூடசோனைடில் ஏறக்குறைய 90 சதவீதத்தைக் கல்லீரல் முதல் சுற்றிலேயே செயலற்றதாக்கிவிடுகிறது. ஃப்ளூட்டிகசோனில் ஒரு சதவீதம்கூடத் தப்புவதில்லை. அளவும் வேறு. தாக்குதலின்போது தரும் பிரெட்னிசலோன் மாத்திரை நாளுக்கு 40 மில்லிகிராம் இருக்கலாம், அது 40,000 மைக்ரோகிராம். பம்ப்பில் தினம் போவது பெரும்பாலும் 200 முதல் 400. வீரியம் கூடுதல் என்று கணக்கில் எடுத்தாலும் இரண்டுக்கும் ஒரே பெயரில் பயப்படுவது நியாயமில்லை.

தொல்லை இல்லை என்று நான் சொல்லவில்லை. தொண்டையில் தங்குகிற மருந்தால் நாக்கிலும் அண்ணத்திலும் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை படியலாம். குரல் கம்மலாம். பாட்டு டீச்சருக்கும் பேருந்து நடத்துநருக்கும் அது சின்ன விஷயமில்லை. இரண்டையும் பெருமளவு தடுக்க ஒரு ஸ்பேசரும் ஒரு டம்ளர் தண்ணீரும் போதும். அடித்து முடித்ததும் வாயைக் கொப்பளித்துத் துப்ப வேண்டும், விழுங்கக் கூடாது. பல் துலக்கும் முன் பம்ப்பு என்று பழக்கிக்கொண்டால் மறக்காது. உயர்ந்த அளவில் ஆண்டுக்கணக்காக எடுப்பவர்களுக்குத் தோல் மெலிந்து கன்றிப்போதல், கண்புரை, எலும்பு மெலிவு, அட்ரினல் சுரப்பி மந்தமாதல் ஆகியவை வரக்கூடும். ஆகவேதான் நோய் அடங்கியபின் அளவைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும், மருத்துவரும் அதைச் செய்ய வேண்டும், நோயாளியும் கேட்க வேண்டும்.

தாய்மார்கள் கேட்பது உயரம் பற்றி. அதற்கு நேரான பதில் உண்டு. அமெரிக்காவிலும் கனடாவிலும் 5 முதல் 13 வயதுக் குழந்தைகள் 1,041 பேரிடம் பியூடசோனைடு உள்ளிட்ட மருந்துகளை நான்கு ஆண்டுக்கு மேல் சோதித்து, அவர்கள் பெரியவர்களாகும் வரை பின்தொடர்ந்தார்கள். 2012இல் வந்த முடிவு: பியூடசோனைடு எடுத்தவர்கள் வெற்று மருந்து எடுத்தவர்களைவிடச் சராசரியாக 1.2 சென்டிமீட்டர் குறைவு. அந்தக் குறைவு வந்தது முதல் இரண்டு ஆண்டில், அதன்பின் அது கூடிக்கொண்டே போகவில்லை. விரல் நகத்தின் அகலம் அது. மறுபக்கத் தட்டில் வைக்க இன்னொரு கணக்கு. கனடாவின் சஸ்காச்செவன் மாகாணத்தில் 30,000க்கும் மேற்பட்ட ஆஸ்துமாக்காரர்களின் பதிவுகளைச் சுய்சா குழு ஆராய்ந்து 2000இல் வெளியிட்டது. ஓர் ஆண்டில் கூடுதலாக எடுத்த ஒவ்வொரு ஸ்டீராய்டுப் பம்ப்புக்கும் ஆஸ்துமாச் சாவு விகிதம் 21 சதவீதம் குறைந்திருந்தது. மருந்தை நிறுத்திய முதல் மூன்று மாதங்களில், தொடர்ந்தவர்களைவிடச் சாவு அதிகம். வேறெந்த ஆஸ்துமா மருந்துக்கும் இப்படியொரு சான்று கையில் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

இந்தியாவில் ஒன்பது நகரங்களில் நடந்த பெரிய கணக்கெடுப்பு ஒன்றில் இழுப்பு இருந்தவர்களில் 82 சதவீதம் பேருக்கு ஆஸ்துமா என்று யாரும் சொல்லியிருக்கவில்லை. தினமும் ஸ்டீராய்டுப் பம்ப்பு எடுத்தவர்கள் 2.5 சதவீதத்துக்கும் குறைவு. உலக ஆஸ்துமாக்காரர்களில் எட்டில் ஒருவர்தான் இந்தியர், ஆனால் உலக ஆஸ்துமாச் சாவில் ஐந்தில் இரண்டு பங்கு இங்கே. நாற்பது ஆண்டுக்கும் மேலாக இந்த மருந்துகளை நம் நாட்டிலேயே செய்து உலகுக்கு அனுப்புகிறோம். பியூடசோனைடும், அதோடு ஃபார்மோட்டெரால் கலந்ததும் நாட்டின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே இருக்கின்றன. அப்படியிருந்தும் இந்தச் சாவு. இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது.

ஃபார்மோட்டெரால் என்று சொன்னதால் கூட்டு மருந்துகளையும் பார்த்துவிடலாம். 12 மணி நேரம் நிற்கும் விரிப்பான்கள் இரண்டு உண்டு, சால்மெட்டெராலும் ஃபார்மோட்டெராலும். இவற்றையும் தனியாக விட்டால் பழைய கதைதான். 26,000 பேரிடம் நடந்த சோதனையில் சால்மெட்டெரால் எடுத்த பாதிப் பேரில் 13 ஆஸ்துமாச் சாவு, வெற்று மருந்து எடுத்த பாதியில் 3. அமெரிக்காவில் கறுப்புக் கட்ட எச்சரிக்கை வந்தது. ஸ்டீராய்டோடு ஒரே பம்ப்பில் சேர்த்துத் தந்தால் அந்த அபாயம் கூடவில்லை என்று பெரிய சோதனைகள் நிறுவியபின், 2017 டிசம்பரில் கூட்டு மருந்துகளுக்கு அந்தக் கட்டம் நீக்கப்பட்டது. இரண்டுக்கும் இடையே நோயாளி கட்டாயம் அறிய வேண்டிய வித்தியாசம் ஒன்றிருக்கிறது. ஃபார்மோட்டெரால் சில நிமிடத்தில் வேலை செய்யும். அதனால் பியூடசோனைடு-ஃபார்மோட்டெரால் பம்ப்பைத் தினசரி மருந்தாகவும், இழுக்கும்போது அவசர மருந்தாகவும் மருத்துவர் சொன்ன உச்ச அளவுக்குள் எடுக்கலாம். மூச்சுக்காகப் பம்ப்பைத் தொடும் ஒவ்வொரு முறையும் அழற்சிக்கான மருந்தும் தானாக உள்ளே போய்விடுகிறது. சால்மெட்டெரால்-ஃப்ளூட்டிகசோன் பம்ப்பு மெதுவாகத்தான் இயங்கும். இழுக்கும்போது அதை அடித்துவிட்டுக் காத்திருப்பது ஆபத்து. கையில் இருப்பது எது என்று பெட்டியைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள், நிறத்தை நம்பாதீர்கள். கம்பெனிக்குக் கம்பெனி நிறம் மாறும்.

கடற்கரை ஊருக்கென்று ஒரு சொல். பம்ப்பைவிட இங்கே பலர் கையில் இருப்பது ரோட்டாஹேலர். மாத்திரையைக் கருவியில் செருகி, திருகி, உடைந்து கொட்டும் பொடியை இழுப்பது. உப்புக்காற்றில் டப்பாவைத் திறந்து வைத்தால் மாத்திரையின் கூடு பிசுபிசுத்து, திருகும்போது உடையாமல் நசுங்கும். பொடி கட்டிதட்டி உள்ளேயே நிற்கும். "இழுத்தேன், ஒண்ணும் வரல" என்கிறவர் கருவியைக் கழற்றிப் பார்த்தால் பாதி மருந்து அங்கே இருக்கும். டப்பாவை இறுக மூடி வைக்க வேண்டும், எடுக்கும் நேரத்தில் ஒன்றை மட்டும் எடுக்க வேண்டும். கருவிக்குள் மூச்சை ஊதக் கூடாது, வாயின் ஈரமே போதும் பொடியைக் கெடுக்க. ரோட்டாஹேலரை வேகமாக, பலமாக இழுக்க வேண்டும். பம்ப்பை அழுத்திக்கொண்டே மெதுவாக, ஆழமாக இழுக்க வேண்டும். ஒன்றின் முறையை மற்றதற்குச் செய்தால் மருந்து தொண்டையோடு நின்றுவிடும். தொண்டைப் பூஞ்சைக்கும், 'இந்த மருந்து எனக்குக் கேட்கவில்லை' என்ற புகாருக்கும் பாதிக் காரணம் இதுதான் என்பது என் எண்ணம். அந்த மாத்திரையைத் தண்ணீரோடு விழுங்கிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். எழுதிக் கொடுத்தவர் இழுத்துக் காட்டாமல் அனுப்பியதன் விளைவு அது. அடுத்த முறை மருத்துவரிடமோ மருந்துக்கடையிலோ, "நான் இழுக்கிறேன், சரியா பாருங்க" என்று கேட்டுவிடுங்கள்.

வீட்டில் பெண் கருவுற்றதும் முதலில் நிறுத்தப்படும் மருந்தும் ஸ்டீராய்டுப் பம்ப்புதான், குழந்தைக்கு ஆகாது என்று. தாய்க்கு மூச்சு முட்டினால் குழந்தைக்கும் ஆக்சிஜன் குறையும். கட்டுப்படாத ஆஸ்துமாவால் குறைப்பிரசவமும் எடை குறைந்த பிறப்பும் கூடுகின்றன. ஸ்வீடனின் பிறப்புப் பதிவேட்டில், கர்ப்பத்தின் தொடக்க மாதங்களில் பியூடசோனைடு இழுத்த தாய்மாருக்குப் பிறந்த 2,014 குழந்தைகளை எடுத்துப் பார்த்தார்கள். பிறவிக் குறை 3.8 சதவீதம். அந்த நாட்டில் பிறக்கும் எல்லாக் குழந்தைகளிலும் அது 3.5 சதவீதம். அந்தச் சிறு வித்தியாசம் தற்செயலாகவே ஏற்படக்கூடியது. கர்ப்பிணி பம்ப்பை நிறுத்த வேண்டியதில்லை, மாதப் பரிசோதனைக்குப் போகும்போது அதையும் கையோடு எடுத்துப் போய் அளவு சரிதானா என்று கேட்டுக்கொண்டால் போதும்.